புளி போட்டுத் தேய்க்காதடா பேராண்டி

பாட்டியோட டிரங்குப் பெட்டியிலேருந்து தட்டு ஒண்ணு கிடைச்சுதாமே? நடுவுல கஜலட்சுமி, சுத்திக் கொடியும் பூவும். செஞ்சவன் முத்திரை எங்கேயும் காணலை, அதனால சரபோஜி மகாராசா அரமனைச் சாமான்தான்னு நீயே பட்டயம் எழுதிட்டியாம். எழுதிக்க. அரமனைச் சாமான் இல்லாத வீடு நம்ம ஜில்லாவுல ஏது? அத்தனையும் நெசம்னா மகாராசா கடைசி வரைக்கும் வாழை இலையிலதான் சாப்பிட்டிருக்கணும்.

தஞ்சாவூர்த் தட்டு வேலை ரெண்டாம் சரபோஜி காலத்துல, 1798லேருந்து 1832க்குள்ள, தலையெடுத்ததா சொல்லுவாங்க. சரிதான். ஆனா பத்தருங்க இன்னைக்கும் தட்டிக்கிட்டுதான் இருக்காங்க. முத்திரை இல்லைங்கிறதும் அரமனைக்கு அத்தாட்சி ஆகாது. பட்டணத்து பி. ஆர் அண்ட் சன்ஸ் அப்போ வெள்ளைக்காரக் கடை. சாமி உருவம் போட்ட வெள்ளிச் சாமானுக்கு அடியில தன் பேரைக் குத்தினான். நம்ம பத்தர் எதுக்குக் குத்தணும்? வாங்குறவனுக்குப் பத்தரைத் தெரியும், பத்தருக்கு வாங்குறவனோட பழைய பாக்கி தெரியும்.

போனை வச்சுட்டுத் தட்டை எடு. லட்சுமியோட ஓரத்துல நகத்தை ஓட்டு. அசல்னா உருவம் தனித் தகடு. அச்சுல வச்சுத் தட்டி எடுத்த வெள்ளித் தகட்டுக்கு உள்ளே அரக்கை நிரப்பி, பித்தளைத் தட்டுல வெட்டின காடியில உட்கார வச்சு, ஓரத்தை உளியால தட்டி இறுக்கியிருப்பாங்க. அந்த இணைப்புல நகம் மாட்டும். வழுக்கிட்டுப் போனா ஒரே வார்ப்பு, திருவிழாக் கடைச் சரக்கு. பின்பக்கம் வழவழன்னு இருக்கணும். உருவம் அங்கேயும் குழியா விழுந்திருந்தா வெறும் தகட்டை அமுக்கின வேலை. கறுப்புத் தட்டுல வெள்ளி மேடு தட்டாமச் சமமாப் பதிஞ்சிருந்தா அது பீதர்க்காரன் கைவேலை, நம்ம ஊரே இல்லை.

அடியில முத்திரை இல்லைன்னியே, புள்ளி புள்ளியாப் பேர் வெட்டியிருக்கா பார்த்தியா? சீர்ப் பாத்திரத்துல பேர் வெட்டாம நம்ம சனம் அனுப்பாது. ‘தில்லைநாயகி’ன்னு இருந்தா உங்க கொள்ளுப்பாட்டி. ‘லை’க்கு இணைக்கொம்பு போடாம, எழுத்தோட தலையிலேயே சுழிச்சிருந்தா பழைய எழுத்து, 1978ல சர்க்கார் மாத்துறதுக்கு முந்தி வெட்டினதா இருக்கலாம். ‘இருக்கலாம்’னுதான் சொல்றேன். உத்தரவு வந்த மறுநாளே பாத்திரக்கடைக்காரன் கையெழுத்தை மாத்திக்கலை. பேர் பின்னால வெட்டினதாவும் இருக்கும். கிழவியோட கல்யாணப் பத்திரிகை பரண்ல கிடக்கான்னு தேடு. அது சரபோஜியைவிட நம்பகமான சாட்சி.

இதுக்குள்ள உன் பொஞ்சாதி புளியும் சாம்பலும் எடுத்துக்கிட்டு வந்திருப்பாளே! தடுத்துடு. வெள்ளி இருக்கிறது ஒரு மெல்லிசுத் தகடு. கறுத்திருக்குன்னு தேய்ச்சா லட்சுமிக்கு மூக்கு போயிரும். வெந்நீர்லயும் போடாதே, அரக்கு இளகினா உருவம் தொளதொளன்னு ஆடும். விரலால மெதுவா அமுக்குறப்பவே உள்ள போகுதுன்னா, அரக்கு ஏற்கெனவே உதிர்ந்தாச்சு. திரும்ப நிரப்புறது பத்தர் வேலை, உன் பசை டியூப் வேலை இல்லை.

நகைக்கடைக்கும் தூக்கிக்கிட்டு ஓடாதே. அவன் தராசுல வச்சுப் பித்தளைக் கணக்குச் சொல்லுவான், உன் மூஞ்சி தொங்கிப்போவும். பூம்புகார் கடைக்குப் போய்ப் புதுத் தட்டு ஒண்ணைப் பக்கத்துல வச்சுப் பாரு, வேலைப்பாட்டு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அசல்னு தெரிஞ்சா மட்டும் குடும்ப வாட்ஸப்புல போட்டுராதே. “எங்கம்மா அதை எனக்குன்னுதானே வச்சிருந்தா”ன்னு கும்மோணத்து அத்தை முதல் பஸ்ஸுல ஏறிடுவா.