யானை, இடது காது

எங்கள் தெருவில் அவர் நடந்து வருவதைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். நாலு எட்டு வைப்பார், நிற்பார். சட்டைப் பையைத் தடவுவார். பேனா இருக்கும், தாள் இருக்காது. தாள் கிடைக்கும்போது பேனா எழுதாது. உள்ளங்கையில் இரண்டு கிறுக்குக் கிறுக்கிப் பார்த்து, பேனாவை உதறி, வாயால் ஊதி, ஒருவழியாக எழுதத் தொடங்கும்போது அவர் நிற்கும் இடம் நட்டநடுத் தெருவாக இருக்கும். பின்னால் வரும் பால்காரர் பிரேக் அடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். நல்ல வார்த்தையாக இருந்தால் அதையும் அவர் குறித்துக்கொள்வார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். இவரைக் குறிப்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர்கள் எழுதிய கோப்புகளைப் பார்த்துப் பார்த்து, தன் தலைக்குள்ளும் ஒரு கோப்பு இருக்கிறது, அதைத்தான் யாரும் திறக்கவில்லை என்கிற முடிவுக்கு வந்தவர். சிறுகதைக்கான கரு, தேங்காய் துருவ ஒரு புது வழி, நகராட்சிக்கு ஒரு யோசனை, மகாமகக் குளத்தைப் பற்றி ஒரு நாவல் என்று எதுவும் அந்தக் கோப்பிலிருந்து தப்பிவிடக் கூடாது. ‘‘தோணினதை அப்பவே பிடிச்சுடணும் சார். விட்டா போச்சு’’ என்பார். ஏதோ கோழியைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிடித்ததை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

முதல் ஆயுதம் பஸ் டிக்கெட். சில்லறை இல்லாத கண்டக்டர் மீதிப் பணத்தை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பாரே, அந்தக் காலத்தில் ஒருமுறை தஞ்சாவூர் பஸ்ஸில் போனாராம். டிக்கெட்டின் பின்னால் கண்டக்டர் ‘8’ என்று எழுதி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அய்யம்பேட்டை தாண்டும்போது நம்மவருக்கு ஒரு நாவலின் முழுக் கதையும் வந்து இறங்கிவிட்டது. அந்த எட்டைச் சுற்றிப் பொடி எழுத்தில் எழுதி நிரப்பிவிட்டார். தஞ்சாவூரில் இறங்கும்போது தர்மசங்கடம். டிக்கெட்டை நீட்டினால்தான் எட்டு ரூபாய். வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றால் பின்னால் இருபது பேர் இடிக்கிறார்கள். கண்டக்டரோ, ‘‘சாமி, சீட்டைக் குடு, இல்லாட்டி எறங்கு’’ என்கிறார். இவர் இறங்கிவிட்டார். நாவல் இன்றுவரை எழுதப்படவில்லை. ஆனால், அதற்காக எட்டு ரூபாய் முன்பணம் கட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

இப்போது மெஷின் டிக்கெட். அது கொஞ்ச நாளில் வெளுத்துவிடுகிறது. அதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை. முன்பக்கம் அரசாங்கம் அச்சடித்தது அழிந்துபோயிருக்க, பின்பக்கம் இவர் எழுதியது மட்டும் நிற்கிறதாம்.

அடுத்தது டைரி. டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் அவர் நடையே மாறிவிடும். மருந்துக்கடை, உரக்கடை, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்று ஒரு சுற்று வருவார். கேட்க மாட்டார். டைரி இருக்கிற மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கொடுக்கிறவரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஜனவரி 1 முதல் 6 வரை ஒவ்வொரு டைரியும் நிரம்பி வழியும். ஏழாம் தேதி இரண்டு வரி. எட்டாம் தேதி ‘காலை 5.30 மணிக்கு எழுந்தேன்.’ அதோடு சரி. பொங்கலுக்குப் பிறகு அந்த வருஷத்தில் யாருமே வாழவில்லை போலிருக்கும்.

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வந்த இடத்தில் அதிரசம் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். லூமன் படித்ததையும் யோசித்ததையும் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒன்றை இன்னொன்றோடு இணைத்து, மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்தாராம். ஏறத்தாழ 90,000 சீட்டுகள். அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார் என்பது கதையின் பிற்பாதி. அது நம்மவர் காதில் விழவில்லை. மறுநாளே மூன்று செருப்புப் பெட்டிகள் தயாராகிவிட்டன. சிவப்பு மை, பச்சை மை, நூல், கத்தரிக்கோல் என்று ஒரு மாதம் வீடு பூக்கட்டும் இடம் மாதிரி இருந்தது. சமீபத்தில் அந்தப் பெட்டிகளை எட்டிப் பார்த்தேன். மொத்தம் 41 சீட்டுகள். அவற்றில் 38, சீட்டுகளுக்கு எண் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றியவை.

ஒட்டுச்சீட்டும் வாங்கினார், அந்த மஞ்சள் நிறத் தாள். அது பிறந்ததே ஒரு தவறிய காரியத்தில்தான். 1968-இல் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி நல்ல கெட்டியான பசை செய்யப்போக, ஒட்டியும் ஒட்டாத ஒன்று வந்து வாய்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அது சில வருஷம் கிடந்தது. அவரோடு அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை தேவாலயத்தில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் கீழே விழுந்துகொண்டே இருந்ததால், அந்தப் பசையைத் தேடிப் போனார். 1980-இல் ஒட்டுச்சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. இந்த வரலாறெல்லாம் நம்மவருக்கு மனப்பாடம். ஆனால், அமெரிக்க விஞ்ஞானிகள் கும்பகோணத்துச் சித்திரை மாதத்தையும் ஐந்தில் சுற்றும் மின்விசிறியையும் கணக்கில் எடுக்கவில்லை. பீரோவில் ஒட்டிய இருபது யோசனைகளும் மத்தியானத்துக்குள் வீடு பூராவும் பறந்து, ஒன்று ரசத்தில் விழுந்தது. ‘‘ஐடியா கொதிக்குதுங்க’’ என்று அடுக்களையிலிருந்து குரல் வந்ததாம்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அவர் மனைவி. எதையும் எழுதி வைப்பவர் அல்ல. பால் கணக்குக்குக் காலண்டரில் ஒரு கோடு, அதற்கு மேல் மறக்கக் கூடாதென்றால் முந்தானையில் ஒரு முடிச்சு. முடிச்சு எதற்கென்று அவர் ஒருநாளும் யோசித்து நான் பார்த்ததில்லை. கேஸ் எப்போது பதிந்தது, எந்த நாத்தனார் எந்த வருஷம் என்ன சொன்னாள், எவர்சில்வர் அடுக்கில் மூன்றாவது யார் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை, எல்லாம் நாக்கு நுனியில். ஒரே வீட்டில் ஒருவர் எழுதி எழுதி மறக்கிறார், இன்னொருவர் எழுதாமலே நினைவில் வைத்திருக்கிறார். எழுதி முடித்தவுடன் குறிப்புக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும் பாருங்கள், கடன் அடைத்தவன் முகம் மாதிரி. அங்கேதான் காரியம் கெடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். யோசனையைத் தாளில் இறக்கியதும் பாதி வேலையை முடித்துவிட்டதாக மனசு நம்பிவிடுகிறது. மீதிப் பாதிக்கு அவசரம் என்ன? (இப்படி ஞானம் பேசும் நான் இந்தக் கட்டுரைக்கான முதல் குறிப்பை ஒரு மருந்துக்கடை ரசீதில் எழுதினேன். மூன்று நாளாகத் தேடுகிறேன்.)

செல்போன் வந்த பிறகு பிரச்சினை குடும்பத்துக்குள் நுழைந்தது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் குழு ஒன்று தொடங்கி, அதில் இன்னொரு ஆளைச் சேர்த்து, பிறகு அவரை நீக்கிவிட வேண்டும். யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். ‘எண்ணங்கள்’ என்று பெயர் வைத்து மனைவியைச் சேர்த்தார். அடுத்த நிமிஷமே நீக்கினார். அந்த அம்மாள் போனைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவருடைய தம்பி மன்னார்குடியிலிருந்து வந்து இறங்கினார். ‘‘மாமா, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்’’ என்று ஆரம்பித்தார். இரவு பதினொரு மணிவரை பேசினார்கள். அதில் எதையும் குறிப்புக்காரர் குறித்துக்கொள்ளவில்லை.

குரலிலேயே தட்டச்சு செய்யும் வசதியும் வைத்திருக்கிறார். காவிரிக்கரையில் காலைநடை போகும்போது போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டே போவார். ‘நாயகி வாசலில் நிற்கிறாள்’ என்று இவர் சொன்னது, ‘நாய் வாசலில் நிற்கிறாள்’ என்று பதிவாகியிருந்தது. திருத்தவில்லை. இது வேறு மாதிரி நன்றாக இருக்கிறதே என்று அதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்.

கும்பகோணத்துக்காரர் என்பதால் அவருக்கு இரண்டு முன்னோர்கள். ஒருவர் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன். தாள் விலை கட்டுப்படியாகாமல், கணக்கைச் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றியவர். ‘தொலைந்த நோட்டு’ என்று உலகம் சொல்லும் அவருடைய கடைசிக்கால எழுத்து 1976-இல்தான் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது. ‘‘அது நோட்டே இல்லை சார், தனித்தனித் தாள்!’’ என்று சொல்லும்போது நம்மவர் தன் பைகளை ஒரு தடவை தடவிக்கொள்வார். ‘‘எனக்கப்புறம் யாராவது இதையெல்லாம் தேடி எடுப்பாங்க.’’

‘‘எடுப்பான், எடுப்பான். பழைய பேப்பர்காரன் தராசோட வந்து எடுப்பான்’’ என்றது அடுக்களை.

இன்னொரு முன்னோர் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு, செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர். போன மழைக்காலத்தில் பரணில் இருந்த குறிப்புக் கட்டைச் செல் அரித்துவிட்டது. நம்மவர் கலங்கவில்லை, கொஞ்சம் பூரித்தும் போனார். ‘‘பார்த்தியா, அந்த ஏடுகளுக்கு வந்த கதிதான் இதுக்கும்!’’

‘‘அவரு செல்லரிச்சதைத் தேடிப் போனாரு. உங்களுதைச் செல்லு தேடி வந்திருக்கு. அவ்வளவுதாங்க வித்தியாசம்.’’

தலையணைக்கு அடியிலும் ஒரு நோட்டு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் யோசனைக்காக. ஒரு விடியற்காலையில் அதைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய கையெழுத்துதான், கோணாமல் இருந்தது: ‘யானை, இடது காது. முக்கியம்!’ அடியில் இரண்டு கோடு வேறு.

என்ன யானை? இடது காதுக்கு என்ன? கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய் யானையின் இடப்பக்கம் அரைமணி நேரம் நின்று பார்த்தார். யானை ஆசீர்வாதம் செய்தது. வேறு தகவல் இல்லை.

நான் ஆறுதலுக்காக ஓட்டோ லோவி கதையைச் சொன்னேன். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து விஞ்ஞானி. நடுராத்திரியில் கனவில் ஒரு சோதனை தோன்ற, எழுந்து துண்டுத்தாளில் எழுதிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கிறுக்கல் தனக்கே புரியவில்லை. நாள் முழுக்கத் தவித்தார். மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை எழுதவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தவளை இதயங்களை வைத்துச் செய்தே பார்த்துவிட்டார். நரம்பு தன் சேதியை ரசாயனத்தின் வழியே சொல்கிறது என்று அதில்தான் நிலைநாட்டினார். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்த்து நோபல் பரிசு.

நான் எதைச் சொல்ல வந்தேன் என்று அவர் யோசிக்கவில்லை. ‘‘மறுபடியும் வரும்ங்கறீங்க’’ என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் எட்டு மணிக்கே படுத்துக்கொண்டார். யானை வரவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் மட்டும் இரண்டு தடவை வந்தார்.

போன தை மாதம் பேரனுக்குக் காதணி விழா. மண்டபத்தில் மொய் எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மொய் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். வாசலில் வரிசை நிற்கிறது. கடைக்கு ஓட நேரமில்லை. குறிப்புக்காரரின் பையில் எப்போதும் இருக்கும் நீள நோட்டை மச்சினர் உருவிக் கொடுத்துவிட்டார். தலையணை நோட்டில் இருப்பதையும் அதில் ஏற்றிவிடுவார். பக்கத்துக்கு ஒரு யோசனைதான் எழுதுவார், பிற்பாடு வளர்வதற்கு இடம் வேண்டுமே. மொய் எழுதியவர் சிக்கனக்காரர். காலி இடத்தை வீணாக்காமல் ஒவ்வொரு யோசனைக்கும் கீழே பிள்ளையார் சுழி போட்டு ஏற்றிக்கொண்டே போய்விட்டார்.

அவர் எழுதியவற்றில் முதல் தடவையாக ஒரு நோட்டை வீடே உட்கார்ந்து வரிவரியாகப் படித்தது அன்றைக்குத்தான். கணக்குப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மச்சினர் பெயரைப் படிக்க, அந்த அம்மாள் தொகையைச் சொல்ல, நான் கூட்டினேன். தேங்காய்த் துருவலும் மகாமக நாவலும் மொய் இல்லை என்று தெரிந்து, அவற்றைத் தாண்டி வந்துவிட்டோம். கடைசியில் பணம் சரியாக இருந்தது. பெயர் மட்டும் ஒன்று கூடுதல். திரும்ப முதலிலிருந்து பார்த்தோம். பதினொன்றாம் பக்கத்தில், பாபநாசம் சித்தப்பாவுக்கு மேலே, ஓர் ஆள் தொகை இல்லாமல் நின்றார்.

‘‘ஏங்க, இது யாரு, ‘யானை, இடது காது’? ரூபா போடலையே. முக்கியம்னு வேற போட்டிருக்கு.’’

‘‘அது... நான் எழுதினதுதான்.’’

‘‘அப்ப உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே? நம்ம சைடா, சம்பந்தி சைடா?’’

குறிப்புக்காரர் கண்ணை மூடி யோசித்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யோசித்துவிட்டு, ‘‘ஞாபகம் வரலை’’ என்றார்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மறக்கக் கூடாதென்று முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.