ஜேம்ஸ் பாண்டின் சர்வீஸ் புக்

ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களில் சிறந்தவர் ரோஜர் மூர். இதைக் கோவளம் கடற்கரையில் நான் சத்தமாகச் சொல்வதில்லை. சாயங்காலம் அங்கே காற்று வாங்க வரும் ஓய்வூதியர் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஷான் கானரி கட்சி. மிச்சம் டேனியல் கிரேக் கட்சி, அதாவது பேரன்களிடம் நல்ல பெயர் வாங்க நினைப்பவர்கள். மூர் கட்சிக்குத் தலைவரும் நானே, தொண்டனும் நானே. டெபாசிட் போன கட்சியில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

மூரைப் பற்றி அவர்கள் சொல்லும் குறைகள் தெரிந்தவைதான். புருவத்தைத் தூக்குவதைத் தவிர வேறு நடிப்புக் கிடையாது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கடைசிப் படத்தில் கதாநாயகிக்கு அப்பா மாதிரி இருக்கிறார். அப்பா மாதிரி என்பதுகூடக் கொஞ்சம் மரியாதைக்காகச் சொல்வது. கதாநாயகியின் அம்மாவைவிடத் தனக்கு வயது அதிகம் என்று தெரிந்ததும் ஆடிப்போனதாக மூரே சொல்லியிருக்கிறார். அத்தனை குறைகளையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாண்ட் யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கொல்வதற்கு லைசென்ஸ், கோட்டு சூட்டு, சீட்டாட்டம் எல்லாம் அப்புறம். அடிப்படையில் அவர் ஒரு அரசு ஊழியர். மாதச் சம்பளம், மேலதிகாரி, மேலதிகாரி அறை வாசலில் செக்ரட்டரி மணிபென்னி, சாமான் கொடுக்க ஒரு ஸ்டோர்ஸ். வெளியூர் போய்வந்தால் டி.ஏ. பில். படத்தில் காட்டவில்லையே தவிர, அந்த பில் இருந்தே தீர வேண்டும்.

1962-இல் வந்த முதல் படமான 'டாக்டர் நோ'வை நினைத்துப் பாருங்கள். நமக்கெல்லாம் நினைவிருப்பது கடலிலிருந்து உர்சுலா ஆண்ட்ரெஸ் ஏறி வருவது. எனக்கு நினைவிருப்பது வேறு காட்சி. பாண்டின் பழைய துப்பாக்கி சரியில்லை என்று மேலதிகாரி எம் வேறு ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார். புதிய துப்பாக்கிப் பெட்டிக்கு அடியில் பழையதையும் ஒளித்து எடுத்துக்கொண்டு நம்மாள் நைசாக நழுவப் பார்க்கிறார். எம் தலையைக்கூட நிமிர்த்தாமல், அதை வைத்துவிட்டுப் போ என்கிறார். இப்படி ஒரு மேலதிகாரியின் கீழ் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் அருமை தெரியும். மணிபென்னியாக வந்த லோயிஸ் மேக்ஸ்வெல் 1962 முதல் 1985 வரை 14 படம் நடித்தார். 23 வருஷம் அதே நாற்காலி. ஒரு பதவி உயர்வு கிடையாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் கானரியின் சர்வீஸ் புக் ரொம்ப மோசம். 1967-இல் போதும் என்று போனார். 1971-இல் பெரிய சம்பளம் பேசித் திரும்பினார். இனி ஜென்மத்துக்கும் கிடையாது என்றார். 1983-இல் வேறு ஒரு கம்பெனிக்காக அதே பாண்டாக வந்து நின்றார். படத்தின் பெயரே 'நெவர் சே நெவர் அகெய்ன்'. இதற்கு எங்கள் ஆபீஸில் பிரேக் இன் சர்வீஸ் என்று பெயர். மூரோ கானரியைவிட ஏறக்குறைய மூன்று வயது மூத்தவர். வயது வரம்பையெல்லாம் தளர்த்தி 45 வயதில் சேர்ந்தவர் மாதிரி 1973-இல் வந்தார். ஏழு படம், ஒரு நாள் லாஸ் ஆஃப் பே இல்லை. 1985-இல் 58 வயது நிறைந்தது, அந்த ஆண்டு கடைசியிலேயே விலகுவதாக அறிவித்துவிட்டார். அன்றைக்கு நம் மத்திய அரசில் ஓய்வு வயது என்ன? 58. இதைச் சொன்னபோது கானரி கட்சிக்காரர்கள் சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆன நண்பர் ஒருவர் உண்டு. அவருக்குப் பாண்டையே பிடிக்காது. ஆனால் எந்தப் படத்தையும் விட்டதில்லை, பாண்டுக்குச் சாமான் கொடுக்கும் க்யூவுக்காகப் பார்க்கிறார்.

"கொடுத்த சாமானை ஒரு தடவையாவது கொண்டுவந்து ஒப்படைச்சிருக்கானா சார் அவன்? 'கோல்ட்ஃபிங்கர்'ல அவ்வளவு ஆசையா ஒரு கார் கொடுக்கிறார். நம்பர் பிளேட் சுத்துது, புகை விடுது, பக்கத்து சீட்டைத் தூக்கி வெளியே எறியுது. அதே படத்துல கொண்டுபோய் செவுத்துல முட்டிட்டு நிக்கிறான். கண்டெம் பண்ணி எழுதணும்னாக்கூட உடைஞ்ச பாகமாவது வேணுமில்ல? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நான் என்னன்னு எழுதுவேன்?"

நான் என்று அவர் சொன்னதைக் கவனித்தீர்களா? ஒரு ஸ்டேப்ளருக்கு மெமோ வாங்கியவர் அவர். அந்தக் காயம் ஆறவில்லை.

க்யூவாக வந்த டெஸ்மண்ட் லெவெலின் 1963-லிருந்து 1999 வரை 17 படங்களில் இருந்தார். பாண்டுகள் ஐந்து பேர் மாறினார்கள், ஸ்டோர் கீப்பர் மாறவில்லை. கடைசிப் படத்தில் தன் இடத்துக்கு வருபவரை அறிமுகம் செய்துவைத்து, இரண்டு புத்திமதி சொல்லி, லிஃப்ட் மாதிரி ஒரு மேடையில் மெல்லக் கீழே இறங்கிப் போவார். இந்தத் தொடரிலேயே முறையாக சார்ஜ் ஒப்படைத்த ஒரே அதிகாரி அவர்தான். அந்தக் காட்சிக்கு என் நண்பர் எழுந்து நிற்பதாக அவருடைய மருமகள் சொல்லக் கேள்வி.

1977-இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் மூரின் வெள்ளை லோட்டஸ் கார் நீர்மூழ்கியாக மாறிக் கடலுக்குள் போகும். பிறகு சார்டினியாவில் ஒரு கடற்கரையில் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்க்க, அலையிலிருந்து கரைக்கு ஏறி வரும். மூர் ஜன்னலை இறக்கி, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன மீனை எடுத்து வெளியே போடுவார். உலகமே சிரித்த காட்சி. கோவளத்தில் ஃபைபர் போட்டுகள் கரையேறும் இடத்தில் ஒரு நாள் காலை, வாடிக்கையாக மீன் வாங்கும் அம்மாவிடம் போனில் இதைக் காட்டினேன். அன்னக்கூடையில் சங்கராவுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். கார் தண்ணீரிலிருந்து வந்ததில் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை.

"இத்தினூண்டு மீனுக்கா சார் கடலுக்குள்ள காரு உட்டாரு? டீசல் காசுக்கே காணாதே."

'ஆக்டோபஸி'யைப் பற்றிச் சொல்லாமல் மூர் கட்சி மாநாடு முடியாது. தொடரின் மட்டமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இது இருக்கும். மூர் கொரில்லா உடைக்குள் ஒளிகிறார், டார்ஜான் மாதிரி கூவிக்கொண்டு கொடியில் தொங்குகிறார், சர்க்கஸ் கோமாளி வேஷத்தில் அணுகுண்டை அணைக்கிறார். இந்தியா என்றால் வாளை விழுங்குகிறவர், ஆணிப்படுக்கை, நெருப்பு என்று உதய்ப்பூர் முழுக்க வித்தை காட்டுகிறவர்களாக நிரப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்த பாண்ட் படம், ஏனென்றால் அதில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் உள்ளூர் ஆளாக வருவது நம் மெட்ராஸ்காரர் விஜய் அமிர்தராஜ். விம்பிள்டனில் இரண்டு முறை காலிறுதிவரை போனவரை மகுடி ஊத வைத்துவிட்டார்கள். மகுடியில் பாண்ட் பட இசையையே வாசித்து, நான்தான் உங்கள் ஆள் என்று தெரிவிக்கிறார். அப்புறம் ஆட்டோ. சந்து பொந்தெல்லாம் ஆட்டோவை விரட்டி, துரத்துகிறவர்களை டென்னிஸ் மட்டையால் அடிக்கிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் விம்பிள்டன் ரசிகர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புகிறது. அவ்வளவு தூரம் போயும் மூர் எவ்வளவு ஆச்சு என்று கேட்கவில்லை. கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஷேர் ஆட்டோவில் இப்படி இறங்கிப் பார்க்கட்டும்.

1983-இல் கானரியின் படமும் மூரின் இந்தப் படமும் ஒரே ஆண்டில் மோதின. வசூலில் ஜெயித்தது ஆக்டோபஸி. இதையும் நான் சத்தமாகச் சொல்வதில்லை.

ஸ்டோர் கீப்பர் நண்பருக்கு விஜய்மேல் ஒரு ஆட்சேபணை. படத்தில் அவர் வில்லனுடைய கிளப்பில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கப் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருப்பார். "வெளி வேலைக்கு முன் அனுமதி வாங்கினாரா?" என்கிறார். உளவு பார்க்கத்தானே சேர்ந்தார் என்றால், "அதுக்கும் ஒரு லெட்டர் போட்டிருக்கணும்" என்கிறார். பாவம், விஜய் ரம்பம் வைத்த ஒரு சக்கரத்தால் கொல்லப்படுகிறார். பணியில் இருக்கும்போது மரணம். அவர் குடும்பத்துக்கு ஒரு இரங்கல் கடிதமாவது லண்டனிலிருந்து போனதாகப் படத்தில் இல்லை.

அடுத்த கருத்தைச் சொன்னால் கானரி கட்சியும் கிரேக் கட்சியும் கூட்டணி வைத்துவிடும். ஜார்ஜ் லேசன்பி நல்ல பாண்ட். 1969-இல் ஒரே ஒரு படம், 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. ஒரே படத்தோடு போனவர் என்று இளப்பம் செய்கிறார்கள். அவர் ஒருவர்தான் ஐயா முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார்! கோவளத்தை ஒட்டித் திருவிடந்தையில் நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். பாண்டின் வேகமும் ஏறக்குறைய அதுதான், ஆனால் பெருமாள் ஒவ்வொருவரையும் தாலி கட்டி அல்லவா ஏற்றுக்கொண்டார்? கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை சாத்தி, கழுத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக அந்தப் பழைய மாலையோடு வந்து நன்றி சொல்ல வேண்டும். லேசன்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணக் கார் நாலு மைல் போவதற்குள் மனைவியைச் சுட்டுவிடுகிறார்கள். மனைவியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் காட்சியை வேறு எந்தப் பாண்டும் அப்படிச் செய்திருக்க முடியாது. மூர் உள்பட. மூர் புருவத்தைத் தூக்கியிருப்பார்.

கிரேக் விஷயத்துக்கு வருகிறேன். 2006-இன் 'கேசினோ ராயல்' வரை எனக்குச் சண்டை இல்லை. இரண்டு கொலை முடித்தால்தான் டபுள் ஓ என்று அதில் ஒரு புரொபேஷன் வைத்திருந்தார்கள். அது ஆபீஸ். அதற்குப் பிறகுதான் வினை. 'ஸ்கைஃபால்' வந்தபோதே சொந்த ஊர், இடிந்த பரம்பரை வீடு, வீட்டைக் காக்கும் தாடிப் பெரியவர் என்று நம் பாரதிராஜா படம் மாதிரி ஆரம்பித்துவிட்டது. 2015-இல் 'ஸ்பெக்டர்' வந்தது. அதில் பரம வில்லன் ப்ளோஃபெல்ட் யாரென்றால், பாண்டைச் சின்ன வயதில் எடுத்து வளர்த்தவரின் மகன். அதாவது அண்ணன். அப்பா தம்பிமேல் பாசம் காட்டினார் என்கிற பொறாமையில் உலகத்தையே சீரழிக்கிறாராம். தம்பி, இதை நாங்கள் எத்தனை பொங்கலுக்குப் பார்த்தாயிற்று. அதையும் நாங்கள் செய்தால் ஒரு குடும்பப் பாட்டு வைத்திருப்போம், கிளைமாக்ஸில் பாடி அடையாளம் கண்டுபிடிக்க வசதியாக. நம் தணிக்கை வாரியமும் அந்தப் படத்தில் தன் பங்குக்கு முத்தங்களின் நீளத்தைப் பாதியாக வெட்டியது. க்ளெயிம் செய்ததில் பாதியை அனுமதித்து மீதியைத் திருப்பி அனுப்புவது எந்த நாட்டு ஆபீஸிலும் உள்ளதுதான்.

கிரேக்குக்கு முன்பு பாண்டாக இருந்த ப்ராஸ்னன் பற்றிக் கோவளத்தில் கருத்துச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் வேறு ஆட்கள், அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும் பையன்கள். 2002-இன் 'டை அனதர் டே'யில் பாண்ட் ராத்திரியில் அலைமேல் சறுக்கிக்கொண்டே வட கொரியாவுக்குள் நுழைவார். பின்பாதியில் பனிமலை உடைந்து எழும் பேரலையின்மேல் பாராசூட்டைப் பிடித்துக்கொண்டு பறப்பார். முதலாவதைப் பார்த்த பையன், "நல்லா எடுத்துருக்காங்க சார், அலை நெஜம்" என்றான். இரண்டாவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

2021-இன் 'நோ டைம் டு டை'தான் எங்கள் கூட்டத்தை உடைத்தது. படத்தில் பாண்ட் வேலையை விட்டு ஜமைக்காவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். 007 என்ற எண்ணை வேறு ஒரு பெண் அதிகாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எம் இவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார், எண்ணும் திரும்ப வருகிறது. கடைசியில் ஏவுகணை விழுந்து இறக்கிறார். ஐந்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. தியேட்டரில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆட்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றே: கருணை அடிப்படையில் அந்தக் குழந்தைக்கு வேலை கிடைக்குமா?

கானரி கட்சி கிடைக்கும் என்றது. ஸ்டோர் கீப்பர் நண்பர், கணக்குத் தீர்க்காத ஆளின் வாரிசுக்கு நோ டியூ சர்டிபிகேட்டே கிடைக்காது என்றார். அம்மாவுக்கும் பாண்டுக்கும் கல்யாணம் ஆகவில்லையே, திருப்போரூர் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் எப்படித் தருவார்கள் என்று ஒருவர் கிளப்பினார். பாண்டைவிட விஜய் அமிர்தராஜ் குடும்பம்தான் சீனியாரிட்டியில் முன்னால் நிற்கிறது என்றேன் நான். இதற்கிடையில் 2025 பிப்ரவரியில், அறுபது வருஷத்துக்கு மேல் ப்ரொக்கோலி குடும்பத்தின் கையில் இருந்த பாண்ட் படங்களின் கடிவாளம் அமேசானுக்குப் போகிறது என்று செய்தி வந்தது. தனியார்மயம் ஆனபின் பழைய நிலுவையையெல்லாம் எவன் பார்ப்பான் என்று கூட்டம் சோர்ந்துவிட்டது.

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த அம்மா ஒருவர் அதுவரை பேசாமல் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்கட்டும் சார். ஜமைக்கா போனாரே, ராஜினாமா பண்ணிட்டுப் போனாரா, விருப்ப ஓய்வா? ராஜினாமான்னா பழைய சர்வீஸ் அத்தனையும் போச்சு. வி.ஆர்.எஸ்.னா வேற ரூல்."

யாருக்கும் தெரியவில்லை. படத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டவே இல்லை.

"லெட்டர் காப்பி இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார், தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டு. "தேதி இல்லாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."