பாக்கெட்டில் கடல்
திருவொற்றியூரில் மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். உள்ளே இருக்கும் கடல் மீன் தொட்டிக்கோ ஆர்.ஓ. தண்ணீர், பாக்கெட் உப்பு. காட்டுப்பள்ளி ஆலை 2010-இல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்கத் தொடங்கியது; நாம் காசு கொடுத்து உப்பைக் கொட்டி மறுபடி கடலாக்குகிறோம். அசலையே மொண்டு வரலாமே? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இத்தனை பத்தியம் காத்தும் கண்ணாடியில் பச்சை, கல்லில் முடிப்பாசி. கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால் பாசி மருந்து பாட்டில் கிடைக்கும். ஆனால் பாசிக்குச் சோறு போடுவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். அவை ஊறுவது மிச்சத் தீனியில். “பாவம், பசிக்குது போல” என்று வீட்டில் ஆளுக்கொரு தடவை தூவுகிறார்கள். மீன் கொழுக்கிறது, பாசி அதைவிட! மருந்தை விடுங்கள், தீனி டப்பாவை ஒளித்து வையுங்கள், விளக்கை 8 மணி நேரத்தில் அணையுங்கள்.