தம்பி, நீ ஏன் வயலில் இறங்கவில்லை?

பொங்கல் வந்தால் நமக்கு விவசாயத்தின் மீது பாசம் பொங்கிவிடும். தலைவர் பச்சைத் துண்டு போர்த்திக்கொள்வார். நடிகர் வேட்டியை மடித்துக் கட்டி, கேமரா அணையும்வரை ஏர் பிடிப்பார். பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளை 'சேற்றில் கால், சோற்றில் கை' என்று தொண்டை கிழியக் கத்தி, முதல் பரிசை வாங்கிய கையோடு ஐ.டி. கம்பெனி நேர்காணலுக்கு ஓடும். கடைசியில் எல்லோருமாக ஒரு பெருமூச்சு: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு விவசாயம்னா இளக்காரம்!"

பெரியோர்களே, அந்த இளக்காரத்தை ஊட்டி வளர்த்தது யார்? "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று பிரம்போடு சொன்னது பக்கத்து நாட்டுக்காரனா? உழவைத் தண்டனை என்று பயமுறுத்தி வளர்த்துவிட்டு, அந்தத் தண்டனையை ஏன் கேட்டு வாங்கவில்லை என்று இப்போது அதட்டுகிறீர்கள்.

பையன் படித்தான், கணக்கும் போட்டான். 2018-19-க்கான தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798. கூலியும் சம்பளமும் தந்தது 4,063. நிலம் வைத்திருப்பவனுக்கே நிலத்தைவிட வெளிவேலைதான் கூடுதலாகச் சோறு போடுகிறது. இதைப் பார்த்த பிறகும் அவன் மண்வெட்டியைத் தூக்கினால், கணக்கு வாத்தியாரைத்தான் உதைக்க வேண்டும்.

விலை? உற்பத்திச் செலவுக்குமேல் குறைந்தது பாதி லாபம் கொடுங்கள் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் குழு 2006-ல் சொல்லி முடித்தது. 2024-ல் சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா கொடுத்தோம். பரிந்துரைக்கு அலமாரி கொடுத்தோம். 2025-26-ல் சாதாரண ரக நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டால் 2,369 ரூபாய். அதாவது கிலோவுக்கு 24 ரூபாய்கூட இல்லை. அதையும் கையில் வாங்குவதற்குள் கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சாக்கு இல்லை, லாரி வரவில்லை. மழை மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். குவித்த நெல் அங்கேயே முளைவிடும்.

வேளாண்மை படித்தவன் மட்டும் என்ன செய்கிறான்? நான்கு வருடம் மண்ணையும் பூச்சியையும் படித்துவிட்டு, வங்கியின் வேளாண் அலுவலர் தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிறான். நெல் போட்டவன் கடனுக்குக் கைகட்டி நிற்பதைப் பார்த்தவன், மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி தேடுகிறான். இதில் அவன் மேல் என்ன குற்றம்?

கல்யாணச் சந்தைக்கு வாருங்கள். "மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. "அதுல அவரே இறங்கி வேலை பாக்குறாரா?" என்பது இரண்டாவது. முதலாவதற்கு 'நாலு ஏக்கர்', இரண்டாவதற்கு 'ஐயையோ, இல்லை' என்று பதில் சொல்பவனுக்குத்தான் பெண். நிலம் கௌரவம், அதில் ஒட்டும் சேறு கேவலம்! இந்த வித்தையை இளைஞனா கண்டுபிடித்தான்?

அவனுக்கு உபதேசம் போதும். விலையைக் கொடுங்கள், நெல்லை நனையாமல் வாங்குங்கள், பெண்ணையும் கொடுங்கள். வராவிட்டால் அப்புறம் திட்டுங்கள். அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் மேடையில் 'இளைஞர்களே, வயலுக்கு வாருங்கள்' என்று முழங்கும் முன், உங்கள் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதை மைக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.