இன்ஸ்டா வழுவியல்: கடைக்காரர்க்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

கடை வைத்தோர் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யப் புகுங்கால் கொள்ளும் பிழைக் கருத்துகள் எண்ணில. எண்ணில என்று விட்டுவிட்டால் நூல் இல்லை. ஆகவே வகுத்தல் கடனாயிற்று. தமிழிலக்கணத்தார் பேச்சில் நேரும் பிழைகளைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக்கி, வழு என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் நினைக்கப்பட்டு வந்த இந்த ஏழும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் என்னும் நானிலத்துக்கும் பிசகாமல் பொருந்தக் கண்டு இந்நூல் எழுந்தது.

இதனைக் கேட்டற்கு உரியார் யாரெனின், பூஸ்ட் பொத்தானை ஒருமுறையேனும் அமுக்கி, மறுநாள் கல்லாவை எண்ணிப் பெருமூச்சு விட்டோர். பயன் யாதெனின், அடுத்த முறை அமுக்குமுன் விரல் சற்றே நிற்றல். ஒவ்வொரு வழுவின் கீழும் அதனால் பயன்பெறுவோர் யார் என்பதும் சொல்லப்படும். பழைய இலக்கணத்தார்க்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் காலத்தில் வழுவை யாரும் மாதச் சந்தாவுக்கு விற்கவில்லை.

1. திணை வழு

அஃறிணையை உயர்திணையாகக் கொள்வது. ஃபாலோயர் எண்ணிக்கையில் இருப்பதெல்லாம் மக்களே என்று நம்புவது இதன்பாற்படும். ஆயிரம் இன்ன விலை என்று வாங்கிய கணக்குகளுக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, சிலவற்றுக்குப் பொன்மொழியும் உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்கும் வழக்கம் மட்டும் இல்லை. 48,000 பேர் பின்தொடரும் ஒரு ஜவுளிக்கடையின் ரீலுக்கு 23 லைக் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கடை ஊழியர் எழுவர், சம்பந்தி வீட்டார் ஐவர் போக எஞ்சுவதே உயர்திணை என்க.

2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களையெடுத்தபோது, இன்ஸ்டாகிராமின் சொந்தப் பக்கமே ஏறத்தாழ 1.9 கோடி ஃபாலோயரை ஒரே வீச்சில் இழந்தது. பந்தல் போட்டவர் வீட்டிலேயே அத்தனை அஃறிணை.

இதன் மறுதலையும் உண்டு. "ஒரே துவையல்ல சாயம் போயிடுச்சு" என்று எழுதிய அம்மையாரின் கமென்டை அழித்துவிட்டால் அவரும் மறைந்துவிடுவார் என்பது உயர்திணையை அஃறிணையாகக் கொண்ட வழு. அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார் என்பது உரையிற் கோடல்.

பயன்பெறுவோர்: கணக்கு விற்போர்.

2. பால் வழு

பால் ஐந்து. ஆறாவதாக 'எல்லார்பால்' என்று ஒன்றைப் படைத்துக்கொள்வது கடைக்காரர் மரபு. மன்னார்குடியில் ஒரு லேடீஸ் டெய்லர் விளம்பரம் போடுகிறார். இடம் என்ற கட்டத்தில் இந்தியா, வயது 18 முதல் 65+ வரை, பால் அனைவரும். கோரக்பூரிலிருந்து ஒருவர் லைக் போட்டார், மகிழ்ச்சிதான். ஆனால் அவர் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுக்க எந்த ரயிலில் ஏறுவார்?

அற்றேல், வட்டம் எவ்வளவு சிறுக்கிறதோ அவ்வளவு நன்று போலும் எனின், அதுவும் அன்று. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் ஃபெப்ரீஸ் வாசனைத் தெளிப்பானுக்கு நாய், பூனை வளர்ப்போரையும் பெரிய குடும்பத்தாரையும் மட்டும் பேஸ்புக்கில் குறிவைத்துப் பார்த்தது. விற்பனை நின்ற இடத்தில் நின்றது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்று விரித்த பிறகே ஏறியது. அந்நிறுவனமே 2016-ல் இதைச் சொல்லி, வலையை மிகவும் குறுக்கிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. ஆகவே அளவெடுக்கும் தொழிலுக்கு வட்டம் சிறுத்தலும், எல்லா வீட்டுக்கும் போகிற பொருளுக்கு வட்டம் பெருத்தலும் வழாநிலை.

பயன்பெறுவோர்: விளம்பரம் யார் கண்ணில் பட்டாலும் காசு பெறும் தளத்தார்.

3. இட வழு

இடமாவன தன்மை, முன்னிலை, படர்க்கை. கடைப் பக்கங்களில் பெரும்பாலும் தன்மை ஒன்றே ஆட்சி செய்யும். "நாங்கள் 25 ஆண்டுகளாக", "எங்கள் நிறுவனர்", "எங்களுக்குக் கிடைத்த விருது" என வரும். பொங்கல் வாழ்த்துப் படத்தில் முதலாளி கைகூப்பி நிற்பார். பானை அவர் முழங்கையருகே சிறிதாகத் தெரியும். கடை முகவரி அதனினும் சிறிது. வாங்க வருபவர் முன்னிலை என்பதும், அவருக்குத் தேவை விலை, அளவு, வண்டி நிறுத்த இடம் என்பதும் எங்கும் சொல்லப்படா.

இதனினும் கொடியது படர்க்கைப் பொருளைத் தன்மைப் பொருளாகக் கொள்வது. 'என் பக்கம்', 'என் ஃபாலோயர்' என்பன அவ்வகை. 2020 ஜூன் 29-ல் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அதில் கூட்டம் சேர்த்து வைத்திருந்த கடைகள் ஒரே இரவில் அந்தக் கூட்டத்தின் முகவரி தெரியாமல் நின்றன. 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துக் கிடந்தன. ஆர்டர் எடுப்பது, படம் அனுப்புவது, பணம் வந்ததா என்று கேட்பது எல்லாமே அவற்றிலேயே என்றிருந்தவர்கள் அன்று விடுமுறை விட்டார்கள். வாடிக்கையாளரின் பெயரும் செல்பேசி எண்ணும் கடை நோட்டில் இருந்தால் அது தன்மை. மற்றதெல்லாம் படர்க்கை.

பயன்பெறுவோர்: நிலத்துக்குச் சொந்தக்காரர்.

4. கால வழு

ஒருநாள் வைரலை என்றைக்குமான வியாபாரமாகக் கொள்வது. 'ஒய் திஸ் கொலவெறி டி' 2011 நவம்பரில் யூடியூபில் வந்து உலகைச் சுற்றியது. அப்பாட்டு இடம்பெற்ற '3' படம் 2012 மார்ச்சில் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை. பாட்டைக் கேட்பதற்கு டிக்கெட் தேவைப்படவில்லை என்பதே காரணம். கேட்டவர் அனைவரும் அன்றே திருப்தியடைந்து போயினர்.

திறப்பு விழாவன்று பழைய ஐந்து பைசாவுக்குப் பிரியாணி கொடுத்து ரோட்டை அடைத்த கடைகளும் இவ்வினத்தனவே. வீடியோ பரவும், போலீஸ் வரும், மறுநாள் பிரியாணி முழு விலைக்கு வரும், ஐந்து பைசாக்காரர் வரார்.

தினம் மூன்று பதிவு, அதுவும் மாலை 7.15-க்கே போடவேண்டும் என முகூர்த்தம் குறிப்போரும் உளர். இன்ஸ்டாகிராம் 2016-லேயே நேர வரிசையைக் கைவிட்டுப் பார்ப்பவரின் விருப்பத்தைக் கணித்துக் காட்டத் தொடங்கிவிட்டது. இராகுகாலத்தில் போட்ட நல்ல பதிவு பிழைக்கும். அமிர்தயோகத்தில் போட்ட மொக்கைப் பதிவு மொக்கையே.

பயன்பெறுவோர்: வைரலாவது எப்படி என்று வகுப்பெடுப்போர்.

5. வினா வழு

அறியாவினா கேட்க வேண்டிய இடத்தில் அறிவினா கேட்பது. "வியூஸ் எவ்வளவு?" என்பது அறிவினா, விடை திரையிலேயே இருக்கிறது. "பார்த்தவர்களில் யார் வாங்கினார்?" என்பது அறியாவினா, அதை ஏஜென்சிக்காரரிடம் கேட்டால் அவருக்கு இன்னொரு மீட்டிங் நினைவுக்கு வரும்.

வியூ என்பது யாது? பேஸ்புக்கில் வீடியோ மூன்று விநாடி ஓடினால் வியூ என்று எண்ணிய காலம் உண்டு. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே வியூ. கட்டைவிரல் தள்ளிவிடும் அவகாசத்தில் ஒரு வியூ பிறந்து விடுகிறது. எண்ணுபவரும் விற்பவரும் ஒருவரே என்பதையும் மறக்கலாகாது. சராசரியாக வீடியோ பார்க்கும் நேரத்தை இரண்டாண்டுகள் மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக 2016-ல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தோரைச் சராசரியில் சேர்க்காததால் வந்த வீக்கம் அது.

பெரிய இடத்துக்கும் இவ்வழு உண்டு. பெப்சி 2010-ல், 23 ஆண்டு வழக்கத்தை விட்டு, அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் டிவி விளம்பரத்தைத் தவிர்த்தது. நற்பணிகளுக்கு இரண்டு கோடி டாலர் ஒதுக்கி, யாருக்குக் கொடுப்பது என்று மக்களை இணையத்தில் வாக்களிக்கச் சொன்னது. வாக்குகள் கோடிக்கணக்கில் குவிந்தன. அவ்வாண்டு அமெரிக்கச் சந்தையில் டயட் கோக் அதனை முந்தி இரண்டாமிடம் பிடித்தது. எத்தனை பேர் வாக்களித்தார் என்ற வினாவுக்கு விடை சிறப்பாகவே இருந்தது. குடித்தார்களா என்பதுதான் கேட்கப்படவில்லை.

பயன்பெறுவோர்: மாதக் கடைசியில் வண்ண வரைபடத்துடன் பிடிஎஃப் அனுப்புவோர்.

6. விடை வழு

ஏழனுள் இதுவே தலையாயது, ஆதலின் விரித்துரைக்கப்படும். விடை எண்வகை என்பர். "இந்தப் புடவை என்ன விலை?" என்று ஒருவர் கமென்டில் கேட்கிறார். கடைகள் தரும் விடைகளை வகைப்படுத்தினால் இலக்கணத்தார் சொன்ன எட்டும் குறைவின்றி வரும்.

சுட்டு: "பயோல லிங்க் இருக்கு பாருங்க."

மறை: "ஸ்டாக் இல்ல மேம்." (படம் போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.)

ஏவல்: "டிஎம் வாங்க சிஸ்."

வினா எதிர் வினாதல்: "உங்க பட்ஜெட் எவ்வளவு மேம்?"

உற்றது உரைத்தல்: "அட்மின் ஊருக்குப் போயிருந்தாங்க, இப்பதான் பார்த்தோம்."

உறுவது கூறல்: "நாளைக்கு லைவ்ல சொல்லுவோம், மிஸ் பண்ணாதீங்க."

இனமொழி: "இதே டிசைன்ல மயில் பச்சையும் வந்திருக்கு."

நேர்: "1,250 ரூபாய், கூரியர் தனி." இவ்விடை அரிதாக வழங்கும்.

விலையை ஏன் மறைக்கிறீர் எனின், கடைக்காரர் இரு காரணம் காட்டுவர். ஒன்று, பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பது. அவர் இன்னொரு பெயரில் கணக்கு வைத்து ஏற்கெனவே டிஎம்மில் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதை இவர் அறியார். மற்றொன்று, கமென்டும் டிஎம்மும் கூடினால் ரீச் கூடும் என்பது. 'விலை?' என்று எண்பது பேர் கேட்டால் எண்பது கமென்ட்தான். ஆனால் எண்பது பேரையும் டிஎம்மில் ஒவ்வொருவராக அழைத்து, வணக்கம் சொல்லி, இதயச் சின்னம் போட்டு, படத்தை மறுபடி அனுப்பி, விலை சொல்லி முடிக்கும்போது முதல் பதினைந்து பேர் வேறு கடையில் வாங்கி, பார்சல் பிரிக்கும் வீடியோவும் எடுத்து முடித்திருப்பர். அல்காரிதத்துக்காக வாடிக்கையாளரைக் காக்கவைப்பது, தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று அழைப்பு மணியை ஒலிக்கவிட்டு, கதவைத் திறக்காமல் இருப்பது போலாம்.

பயன்பெறுவோர்: விலையை எழுதிப் போட்ட போட்டிக் கடை.

7. மரபு வழு

குயில் கூவும், மயில் அகவும். மாற்றிச் சொல்லுதல் வழு. அவ்வாறே டிரெண்டில் இருக்கும் பாட்டு எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்பதும், எல்லாத் தளத்திலும் கணக்குத் தொடங்கியே தீரவேண்டும் என்பதும் மரபு வழு. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்பவர் தம் கணக்காளரை ஆடவைத்து ரீல் போட்டார். அவருடைய மோட்டாரை வாங்குவோர் டீலர்கள்; டீலருக்கு வேண்டியது குதிரைத்திறன், வாரண்டி, சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருவார் என்ற விவரம். கணக்காளர் நன்றாகவே ஆடினார் என்பது வேறு செய்தி.

பிரியாணி ருசித்துப் பேர் வாங்கியவரை நகைச்சீட்டுக்குப் பேசவைப்பதும், காசு வாங்கியதைச் சொல்லாமல் "தற்செயலா இந்தக் கடைக்கு வந்தேன்" என்று தொடங்கச் சொல்வதும் இதனுள் அடங்கும். இது வழுவோடு நில்லாது. விளம்பரத் தர மன்றம் 2021-லும், ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும், பணமோ பொருளோ பெற்றால் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று நெறிமுறை வகுத்தன. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

பயன்பெறுவோர்: பாட்டின் உரிமையாளர், பின்னர் வழக்கறிஞர்.

வழுவமைதி

வழுவாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இளம்பிள்ளையில் ஒரு பெண்மணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவை விற்கிறார் என்று கொள்வோம். படம் சற்று மங்கல். பின்னால் குக்கர் விசில். எல்லாரையும் 'அக்கா' என்கிறார். திட்டம் இல்லை, ஹேஷ்டேக் இல்லை. மேற்கூறிய இலக்கணப்படி பல வழு. ஆனால் அவர் ஸ்டேட்டஸைப் பார்க்கும் முன்னூறு பேரில் பெரும்பாலோர்க்கு அவர் குரல் தெரியும். கிழிசல் வந்தால் மாற்றித் தருவார் என்பதும் தெரியும். விலை படத்தின் மேலேயே எழுதியிருக்கும். ஆகவே அமையும்.

இதெல்லாம் வீண், விளம்பரமே வேண்டாம் என்பது அமையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2012 மே மாதம், பேஸ்புக் பங்குச்சந்தைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, பலனில்லை என்று தன் ஒரு கோடி டாலர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. கோபித்துக்கொண்டு போவதும் ஒரு வழுவே.

புறனடை

ஏழையும் தொகுத்து நோக்கின், எல்லாம் கூட்டத்தை வாடிக்கை என்று கொண்ட ஒரே மயக்கத்தின் விரிவு என்பது பெறப்படும். இவற்றை அறியாமை என்று சொல்லுதல் பொருந்தாது. விடை வழு ஒன்றுதான் முழுக்கக் கடைக்காரர் தம் கைப்படச் செய்துகொண்டது. ஏனையவற்றுள் பெரும்பாலன பிறர் தயாரித்து, விலை வைத்து, கடைக்காரரிடம் விற்ற சரக்கு. சரக்கு வாங்கிப் பழகியவரே இதில் ஏமாறுவது வியப்பு: துணி வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்ப்பவர், ரீச் வாங்கும்போது பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்க்கும் முறை எளிது. கல்லாவில் ஒரு நோட்டு வைக்க. பணம் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், "நம்ம கடை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுக் குறிக்க. மாதக் கடைசியில் ஏஜென்சியின் பிடிஎஃப்பை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்க. சிலர் ரீல் பார்த்து வந்திருப்பர். அந்த ரீலுக்கு மேலும் செலவழிக்கலாம். பலர் "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க" என்பர். அந்த அக்காவுக்கு ஃபாலோயர் எத்தனை என்று கேட்டால், அது வினா வழு.