எடையும் மரியாதையும்: அவலாஞ்சி வட்டாரத்தில் வாயில்லா ஜீவன்களை விளிக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு

ஊட்டியிலிருந்து 28 கிலோமீட்டர் போனால் அவலாஞ்சி. 1823-இல் பெரிய மலைச்சரிவு ஒன்று நடந்ததால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ஊரும் இதுதான். சரிவைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவலாஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் மனிதர்கள் மாடு, நாய், காட்டெருமை, யானை முதலியவற்றோடு என்ன பேசுகிறார்கள், எந்த மரியாதையில் பேசுகிறார்கள் என்பது மட்டும் ஆய்வுலகின் கண்ணில் படாமலேயே போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் சட்டச் சிக்கலைத் தீர்த்துவிட வேண்டும். மாட்டோடு பேசுவது தமிழில் குற்றமா? இல்லை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் அனுமதி கொடுத்துவிட்டார். அஃறிணைப் பொருள்கள் கேட்பது போலவும் பேசுவது போலவும் சொல்லலாம் என்று அவர் விதித்திருக்கிறார். மகிழ்ச்சி மேலிட்டால் திணையும் பாலும் மாறலாம் என்று இன்னொரு நூற்பாவும் உண்டு. பசு தொழுவத்துக்குத் திரும்புவதைப் பார்த்து ‘அம்மை வந்தாள்’ என்று சொல்வதைத் திணை வழுவமைதி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் யார்? பிழைதான், ஆனால் மன்னிக்கப்பட்ட பிழை. உலகில் எத்தனை மொழிகளின் இலக்கணம் மாட்டுக்காரருக்கு முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறது?

இனி கருதுகோள். ஒரு விலங்குக்குத் தமிழில் கிடைக்கும் மரியாதை அதன் உடல் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதை ‘எடை–மரியாதை விதி’ என்று அழைக்கலாம்.

நாய் பத்துப் பதினைந்து கிலோ. அதற்கு ‘டேய்’ போதும். ஆனால் நீலகிரி நாய்க்கு ஒரு தனிச்சிறப்பு: அது ஆங்கிலத்தில் ஆணை பெறுகிறது. காரட் தோட்டத்து ஓரத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு ஜிம்மி என்று பெயர். அதைக் கூப்பிடுபவர் வீட்டில் படுக மொழியும் வெளியில் தமிழும் பேசுபவர். நாய் என்று வந்துவிட்டால் மட்டும் ‘ஜிம்மி, கம்! சிட்!’ என்கிறார். உட்காரவில்லை என்றால்தான் ‘உக்காருடா நாயே’ என்று தமிழ்வழிக் கல்விக்கு மாறுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டி வென்லாக் புல்வெளியில் துரைமார்கள் வேட்டை நாய்க் கூட்டத்தோடு குதிரையேறிப் போனார்கள். விரட்டுவதற்கு நரி வேண்டும். இங்கே அந்த வகை நரி இல்லாததால் குள்ளநரியை வைத்துச் சமாளித்தார்கள். அந்த நாய்களுக்கு ஆங்கிலம் புரிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. துரைமார்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் ஜிம்மிக்குப் பயிற்று மொழி மாறவில்லை.

பசு முந்நூறு, நானூறு கிலோ. விதிப்படி ‘அம்மா’, ‘தாயி’, ‘லச்சுமி’. இங்கே விதியோடு ‘நேரம்’ என்ற துணைக் காரணியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. விடியற்காலை, எமரால்டு பக்கம் ஒரு தொழுவம். பனியில் கை விறைத்துப் போயிருக்கிறது. பெண்மணி வாளியை முழங்காலுக்கிடையே வைத்துக்கொண்டு, மடியில் வெந்நீர் தெளித்தபடி, ‘நில்லும்மா, நில்லு, அவ்வளவுதான், என் தங்கமில்ல’ என்று இடைவிடாமல் பேசுகிறார். கால் தூக்காமல் இருக்க வேண்டும் என்பதே அத்தனை பேச்சுக்கும் சாரம். அதே தங்கம் சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோசில் வாய் வைத்ததும் ‘அடி சனியனே’ ஆகிவிடுகிறது. நடுவில் எடை கூடவோ குறையவோ இல்லை. முட்டைக்கோசின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

காட்டெருமையிடம் வந்தால்தான் விதி தன் முழு அழகோடு ஒளிர்கிறது. வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை போகும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைச் சரிவில் மேய்ந்துவிட்டு ரோட்டில் வந்து நிற்கும். எதிரே கொழுந்துக் கூடையோடு வருபவர் அதை ஒருமையில் விளித்ததாக வரலாறு இல்லை. ‘சாமி, போங்க சாமி, நாங்க ஒண்ணும் பண்ணல’ என்று தன் தரப்பு வாக்குமூலத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். கூடலூர், முதுமலை பக்கம் இறங்கி நாலாயிரம் கிலோ யானையை எட்டினால் ‘பெரியவரே’, ‘பிள்ளையாரப்பா’, ‘கணேசா’. 2019-இல் கோவைப் பக்கம் பிடிபட்ட காட்டு யானைக்குச் ‘சின்னத்தம்பி’ என்று பெயர் வைத்து உறவு கொண்டாடினார்கள். புலிக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021-இல் மசினகுடிப் பக்கம் வாரக்கணக்கில் தேடிப் பிடித்த புலியின் பெயர் டி23. புலியோடு நின்று பேசிவிட்டு வந்து அதன் மரியாதை விகுதியைச் சொல்ல ஆளில்லாததால் தரவு போதவில்லை.

வெளிநாட்டு அறிஞர்களும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 1982-இல் ஹிர்ஷ்-பாசெக், ட்ரீமன் என்ற இருவர், தாய்மார்கள் குழந்தையிடம் பேசுவதும் நாயிடம் பேசுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்று காட்டினார்கள்: குட்டிக் குட்டி வாக்கியம், சொன்னதையே திரும்பச் சொல்லுதல். 2002-இல் பர்ன்ஹாம் குழுவினர் ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பிடித்தார்கள். குழந்தைக்கும் செல்லப் பிராணிக்கும் குரல் ஒரே மாதிரி உயர்கிறது. உயிரெழுத்துகளைத் திருத்தமாக உச்சரிப்பது மட்டும் குழந்தைக்குத்தான். நாய் பேசக் கற்றுக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே. கிளியிடம் பேசும்போது அந்தத் திருத்தம் திரும்ப வந்துவிடுவதாகப் பின்னால் கண்டார்கள். கிளி ஜோசியக்காரரைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார். 2017-இல் இன்னொரு குழு, பெண்களை நாய்ப் படங்களைப் பார்த்துக் கொஞ்சச் சொல்லிப் பதிவு செய்து நாய்களுக்குப் போட்டுக் காட்டியது. குட்டிகள் ஓடி வந்தன. வளர்ந்த நாய்களுக்குச் சாதாரணப் பேச்சும் கொஞ்சலும் ஒன்றாகவே பட்டன. பூனை தன் பெயரை அடையாளம் கண்டுகொள்கிறது என்று 2019-இல் ஜப்பானில் நிறுவினார்கள். கூப்பிட்டால் வருமா என்பது வேறு கேள்வி.

இதுவரை எல்லாம் சரி. எடை–மரியாதை விதியைக் கவிழ்ப்பவர்கள், எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள்.

தோடர் எருமையும் பசுவைப் போல நானூறு கிலோவை ஒட்டி வரும். கொம்பு பிறைபோல் விரிந்திருக்கும். முன்பின் தெரியாதவர் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புப் பக்கம் போனால் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரும். விதிப்படி அதற்குச் ‘சாமி’ கிடைத்திருக்க வேண்டும். அதன் பாலைக் கையாளும் இடமே கோயில், பால் கறப்பவரே பூசாரி என்னும்போது கேட்கவே வேண்டாம். ஆனால் தோடர்கள் பயந்து கும்பிடு போடுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பெண் எருமைக்கும் தனிப் பெயர் உண்டு. 1901-02-இல் இங்கே வந்து தங்கிய மானுடவியலாளர் ரிவர்ஸ், 1906-இல் எழுநூறு பக்கத்துக்கு மேல் புத்தகம் போட்டார். பால்கோயில் வேண்டுதல்களில் தெய்வம், மந்து, எருமை என்று வரிசையாகப் புனிதப் பெயர்களை அடுக்கிச் சொல்வதை அவர் எழுதி வைத்திருக்கிறார். எருமைகளும் கன்றுகளும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருக்கட்டும் என்ற கோரிக்கை அதன் பிறகுதான். பெறுநர் பகுதிக்கு இவ்வளவு மெனக்கெடும் மனு எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் வந்திருக்காது.

காரணம் அவர்கள் கதையிலேயே இருக்கிறது. ஓன் என்ற தெய்வம் பூமிக்குள்ளிருந்து 1,600 எருமைகளை வெளியே கொண்டுவந்தது. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வந்தான். அவன்தான் முதல் தோடர். வரிசையில் எருமை முன்னால், மனிதன் வாலில். அப்படி வந்தவர் எடையைப் பார்த்து விகுதி போட வேண்டிய அவசியம் என்ன?

மொழியியலாளர் எமனோ 1930-களில் வந்து தோடர் மொழியைக் கற்றுப் பாடல்களை ஏராளமாகச் சேர்த்தார். 1971-இல் பெரும் தொகுப்பாக வெளியிட்டார். பின்னால் லேடஃபோகட் போன்ற ஒலியியலாளர்கள் கருவிகளோடு வந்து, நாக்கை மூன்று இடத்தில் வைத்து மூன்று விதமாக அதிரச் செய்யும் ஒலிகளை அளந்து வியந்தார்கள். தமிழர் இரண்டு ர-வுக்கே இடறிக்கொண்டிருக்க, தோடர் எருமைகள் மூன்றையும் கேட்டு வளர்ந்தவை.

2009-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், பெயர் வைத்துக் கூப்பிடப்படும் பசுக்கள் ஆண்டுக்கு 258 லிட்டர் கூடுதலாகக் கறக்கின்றன என்று கணக்குக் காட்டினார்கள். அதற்கு அந்த ஆண்டே, சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. அவலாஞ்சி மந்துகளுக்கு அதில் ஒரு பங்காவது வந்திருக்க வேண்டும். கேட்பாரில்லை.

மிச்சமிருப்பது மீன். மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1860-களில் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் வில்சன் என்பவர் வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வளரும் இந்தக் குளிர்நீர்ப் பிராணிக்கு விதிப்படி ‘டேய்’ கூடக் கிடைக்க வாய்ப்பில்லை. ஆனால் தூண்டில் போட்டுவிட்டு நாலு மணிநேரம் கரையில் நிற்பவர், தக்கை லேசாக அசைந்ததும் தன்னையறியாமல் முணுமுணுக்கிறார்: ‘கடி ராசா, கடிச்சிரு சாமி.’