கராடியில் ஒரு பூட்டுப் பித்தர்

ஞாயிறு காலை ஆறரை மணி. கராடியில் பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடி ஒன்றுக்குப் பின்னால், கருங்கல் குவியலுக்கு எதிரே நாற்பது வயது ஆசாமி ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் அடையாள அட்டை மட்டும்தான் இல்லை. மற்றபடி திங்கட்கிழமை இயான் ஐ.டி. பார்க்கில் பார்க்கிற அதே முகம், அதே கவலை. கையில் ரிமோட். கல்லின் மேல் முழத்துக்குச் சற்றே கூடுதல் நீளத்தில் ஒரு டிஃபெண்டர் வண்டி. கூரை கேரியரில் விரல்நீள மண்வெட்டி, தீப்பெட்டி அளவு பெட்ரோல் கேன், சுருட்டி வைத்த கயிறு என்று சகலமும் உண்டு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்பது அவமரியாதை. நிமிடத்துக்கு எத்தனை கல் ஏறும் என்று கேட்கலாம்.

காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுதாபத்துடன் கேட்பார்: "சாஹேப், பேட்டரி சம்ப்லி கா?"

பேட்டரி தீரவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்குக் கிராலர் என்று பெயர், தவழ்வதற்கென்றே பிறந்தது.

கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய அம்மா, மகன் புனேயில் "கரடி"யில் இருப்பதாகத்தான் பத்து வருடமாக அக்கம்பக்கத்தில் சொல்லிவருகிறார். மகன் விடுகிற கதைகளைக் கேட்டவர்கள், அம்மா சொல்வதில் பெரிய பிழையில்லை என்பார்கள்.

அவரிடம் தெரியாத்தனமாக "இதுல என்ன சார் விசேஷம்?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கோயில் பிரகாரத்தில் ஆரம்பிப்பார். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பிரகாரம் சுற்றினால் உள்பக்கம் நடப்பவருக்குத் தூரம் குறைவு, வெளிப்பக்கம் நடப்பவருக்கு அதிகம். வண்டி திரும்பும்போது இடது, வலது சக்கரங்களுக்கும் இதே பாடுதான். ஒரே அச்சில் இருந்துகொண்டே இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுழல வழிவிடுவது டிஃபரன்ஷியல். அதன் வேலையை நிறுத்தி இரண்டையும் ஒரே தண்டாகப் பிணைத்தால் அது லாக். கணக்கும் தயாராக இருக்கும். சக்கரங்களுக்கு இடையே 20 செ.மீ. என்றால், ஒரு முழு வட்டம் அடிப்பதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 126 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. 12 செ.மீ. உயர டயருக்கு அது ஏறக்குறைய மூன்றேகால் சுற்று. பூட்டிய அச்சில் அந்த மூன்றேகால் சுற்றையும் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துதான் கழிக்க வேண்டும்.

"அப்போ டிஃப் இருக்கறதுதானே நல்லது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் விடியற்காலையிலேயே எழுந்து வந்திருக்கிறார். டிஃபரன்ஷியல் சுபாவத்தில் சோம்பேறிக்குப் பரிந்து பேசும் ஜீவன். எந்தச் சக்கரம் சுலபமாகச் சுழல்கிறதோ அதற்கே சுழற்சி முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடும். கல்லின் மேல் ஏறும்போது முன்னால் ஒரு சக்கரமும் குறுக்கே பின்னால் ஒரு சக்கரமும் தூக்கிக்கொண்டால், அவை இரண்டும் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். தரையில் கிடக்கிற மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். பூட்டிய அச்சில் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஒருவன் சுற்றினால் இன்னொருவனும் சுற்றியாக வேண்டும்.

இப்படி நியாயம் சொல்லியே அவர் பூட்டுக் கட்சியில் சேர்ந்தார். ஆக்ஸியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ். 10 வண்டிகள் பெட்டியைப் பிரிக்கும்போதே இரண்டு அச்சும் பூட்டியே வரும். அதைக் கட்சியின் அங்கீகாரமாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஜப்பானின் தாமியா கிட்டுகள் வைத்திருக்கும் பழைய ஆட்களோ, டிஃபுக்குள் இருக்கும் பற்களுக்கிடையே பசையையோ இறுகிப்போகும் கெட்டி கிரீஸையோ அடைத்துத் தாங்களே பூட்டிக்கொள்வார்கள். கைவைத்தியம்தான், ஆனால் பலிக்கும். எதிர்க் கட்சிக்காரர் அடுத்த டவரில் இருக்கிறார். அவருக்கு வண்டி என்றால் அசல் வண்டி மாதிரி வளைவில் அழகாகத் திரும்ப வேண்டும். முன் அச்சைப் பூட்டினால் திருப்பும் வட்டம் பெரிதாகிறது, இணைப்புகள் சீக்கிரம் தேய்கின்றன, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ திணறுகிறது என்பது அவர் வாதம். மூன்றும் உண்மை. பூட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ளாமல் 25 கிலோ-செ.மீ. முறுக்குவிசை கொண்ட சர்வோ ஒன்றை வாங்கிப் போட்டார். வண்டியின் எடை மூன்று கிலோ.

பூட்டுக்காரரின் கடைசி அஸ்திரம் ரயில். ரயிலின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகக் கோத்தவை, டிஃபரன்ஷியல் கிடையாது. சென்னை வரைக்கும் போகவில்லையா என்பார். அடுத்த டவர்க்காரர் விடமாட்டார். ரயில் சக்கரத்தின் உருளும் பரப்பை 20-க்கு 1 என்கிற சரிவில் கூம்பாகக் கடைந்திருக்கிறார்கள். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும் உள்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். அதுவும் ஒரு டிஃபரன்ஷியல்தான் என்பார். அன்றைக்கு இருவருக்கும் டீ ஆறிப்போகும்.

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் டெக்சாஸின் டிராக்ஸஸ் நிறுவனம் 2017-ல் டி.ஆர்.எக்ஸ். 4-ஐக் கொண்டுவந்தது என்று நினைக்கத் தோன்றும். ரிமோட்டில் ஒரு ஸ்விட்ச். தட்டினால் குட்டி சர்வோ ஒன்று சைக்கிள் பிரேக் போலக் கேபிளை இழுத்து முன்னும் பின்னும் பூட்டும். மறுபடி தட்டினால் திறக்கும். நியாயப்படி சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கல்லில் நிற்கிற டிஃபெண்டர் அந்த மாடல்தான். ஆனால் ஸ்விட்ச் வந்த பிறகுதான் எந்தக் கல்லில் எப்போது தட்டுவது என்று புதிதாக ஒரு வேதம் பிறந்தது. நம்மவர் தம் பங்குக்கு ஸ்விட்சைப் பூட்டு நிலையிலேயே வைத்து மேலே டேப் ஒட்டிவிட்டார்.

வண்டி வந்த கதை தனி. பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. சுங்கத்துறையின் பார்வையில் இது பொம்மை என்பதில்தான் அவருக்குப் பெரிய வருத்தம். தொகை அதற்கு அடுத்தபடி. எனவே அமெரிக்காவில் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது, அத்தைக்கு வாங்கிய விட்டமின் மாத்திரைகளுக்கு நடுவே ஓர் அச்சு, அடுத்த முறை இன்னோர் அச்சு என்று வண்டி தவணையில் வந்து சேர்ந்தது. முன் சக்கரங்களுக்கு மேல் எடை கூட்டப் பித்தளைப் பாகங்களும் வந்தன. அம்மா எடுத்துத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம். குத்துவிளக்குக்கு அடிப்பாகமா?" என்றார்.

அவரை உண்மையில் கலங்கடித்தவர் மாமனார். தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். ஒருநாள் பூட்டு மகாத்மியம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"இதைத்தானே மாப்ள நாங்க குதிகாலால மிதிக்கிறோம்? சேத்துல ஒரு வீல் சும்மா சுத்துச்சுன்னா டிஃப் லாக்கை மிதிப்போம். திரும்பறதுக்கு முன்னாடி காலை எடுத்துடணும். எடுக்கலேன்னா வண்டி நேரா வரப்புமேல ஏறிடும்."

"லாக் இல்லாத வண்டின்னா, மாமா?"

"இடது, வலதுக்குத் தனித்தனி பிரேக் இருக்குல்ல? சும்மா சுத்துற வீல் பிரேக்கை லேசா அமுக்குனா அடுத்த வீலுக்கு வேகம் வந்துடும்."

மாப்பிள்ளை வாயடைத்துப்போனார். ஒரு சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்துக்குச் சக்தி அனுப்புகிற இதே வித்தையை, மகிந்திராவின் 2020 தாரும் மாருதியின் ஜிம்னியும் கம்ப்யூட்டர் வைத்துச் செய்கின்றன. அதைப் பற்றி அவர் அலுவலகத்தில் சிற்றுண்டி இடைவேளைகளில் எத்தனையோ முறை விளக்கம் சொல்லியிருக்கிறார். மாமனார் அதை வரப்போரம் வெற்றிலை மென்றுகொண்டே செய்திருக்கிறார்.

முன்னும் பின்னும் கையால் பூட்டக்கூடிய அச்சுகளோடு வருகிற கூர்க்காவைத் தயாரிப்பது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். அதன் தலைமையகம் இதே புனேயின் ஆகுர்டியில்தான் இருக்கிறது. அவருக்கு அந்த வண்டியின்மேல் ஒரு கண் உண்டு. அவரிடம் இருப்பதோ பழைய ஹேட்ச்பேக். முன்சக்கர இழுவை, பூட்டில்லாத டிஃப்.

ஜூலை மாத மழை ஞாயிறு ஒன்றில் குடும்பம் மொத்தமும் அதில் ஏறி வாகோலிப் பக்கம் போனது. அங்குள்ள கல்குவாரிகளில் கருங்கல்லின் பொந்துகளுக்குள் கிடைக்கிற நீலநிறக் கவன்சைட் கனிமம் உலக அருங்காட்சியகங்கள் வரை போயிருக்கிறது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே, தார் போடாத பாதையில் திருப்பினார். இடது முன்சக்கரம் சேற்றில் இறங்கிச் சுகமாகச் சுழல ஆரம்பித்தது. வலது சக்கரம் அசையவில்லை. அவர் முகத்தில் கவலையைவிடப் பரவசம்தான் தெரிந்தது.

"பாத்தியா, ஓப்பன் டிஃப்! நான் சொன்னேன்ல? எல்லாச் சுழற்சியும் அந்தப் பக்கமே போகுது பாரு!"

"என்னங்க, இதுல ஸ்விட்ச் எங்கே?" என்றார் மனைவி.

"இதுல இல்ல."

மாமனார் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சும்மா சுற்றுகிற டயருக்கு அடியில் கல்லும் பலகையும் போட்டார். பின்னால் வந்த டெம்போக்காரர்கள் இருவர் கைகொடுக்க, மூன்றாவது தள்ளலில் கார் ஏறிவிட்டது. அதற்குள் டிக்கியைத் திறந்து டிஃபெண்டரின் கூரையைக் குடைந்துகொண்டிருந்த மகள் ஓடிவந்து, விரல்நீள மண்வெட்டியை நீட்டினாள்.

"தாத்தா, இந்தாங்க!"

அவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, செருப்பில் அப்பியிருந்த சேற்றை அதனால் நிதானமாகச் சுரண்டத் தொடங்கினார்.